பழைய பத்திரம் வழியாகக் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

வம்சாவளி என்றதும் பலரும் பிறப்புச் சான்றிதழைத்தான் தேடுகிறார்கள். நூறு வருடத்துக்கு முன் பிறந்தவருக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. குடும்பத்துக்குத் துண்டு நிலமாவது இருந்திருந்தால் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்.

1. வீட்டில் இருப்பதிலேயே பழைய பத்திரத்தை எடுத்து, சார்பதிவாளர் எழுதிய பதிவுக் குறிப்பைப் பாருங்கள். '1 புத்தகம், இத்தனையாவது தொகுதி, இன்ன பக்கங்கள், இன்ன ஆண்டின் இன்ன எண்' என்று இருக்கும். 1 புத்தகம் என்பது நிலம், வீடு போன்ற சொத்துப் பத்திரங்களைப் பதியும் புத்தகம். தாள் கிழிந்துபோயிருந்தாலும் இந்த எண்ணை வைத்து நகல் வாங்கலாம். வாரிசுச் சான்று கேட்டால், 1908 பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். 1 புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம்.

2. எண் இல்லையா? வில்லங்கச் சான்று போடுங்கள், அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனு கொடுக்க வேண்டும். போவதற்கு முன் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) 'அ' பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் சர்வே எண் வாரியான கணக்கைப் பார்த்து, பழைய சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பத்திரம் வந்ததும் நான்கெல்லையை வரிவிடாமல் எழுதுங்கள். 'இன்னார் புஞ்சைக்கு வடக்கு' என்றால் அந்த இன்னார் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். அண்ணன் தம்பி பிரித்த நிலம் அடுத்தடுத்துத்தானே கிடக்கும்! பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் யோகம்தான், ஒரு தலைமுறையே அதில் வரிசையாக நிற்கும். பெண்களைத் தேட விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் பத்திரம். 'இன்ன ஊர் இன்னார் மனைவி' என்று அத்தைப்பாட்டி வாக்கப்பட்ட ஊர்கூட அதில் வந்துவிடும்.

4. இனி வருவதுதான் பெரிய சிக்கல். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் குடும்பத்தில் முத்தையா மகன் பழனியப்பன், அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடியும் பழனியப்பன். இரண்டு பழனியப்பனுக்கும் அப்பா பெயர் முத்தையா! அப்பா பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஆளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மனைவி பெயரைப் பாருங்கள். கையெழுத்தா, கைநாட்டா என்று பாருங்கள். எல்லைக்காரர்களின் பெயர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருவரே எண்பது வருடம் நிலம் வாங்கிக்கொண்டே இருப்பதாகத் தெரிந்தால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

5. வரி ரசீதில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருந்தால் 590 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும், கவனம்: பார்த்திப வருஷம் 1885-லும் உண்டு, 1945-லும் உண்டு.

எழுதி வைக்க எக்செல் போதும். வம்ச மரம் வரையும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை. சந்தேகமான ஆளைக்கூட ஒரு கிளையில் உட்கார வைத்தால்தான் அவை நகரும். ஆளுக்கு ஒரு வரி போடாமல் பத்திரத்துக்கு ஒரு வரி போடுங்கள்.

பின்சேர்க்கை: 'எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகமே இல்லை என்கிறார்கள்' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஊர் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேளுங்கள். அலுவலகம் பிரிந்தபோது புத்தகங்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். நிலமே இல்லாத குடும்பம் என்றால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு. அதைத் தனியாக எழுதுகிறேன்.