ஊருக்காக ஒரு சந்தாச் சங்கம்: முதல் கூட்டத்திலிருந்து முதல் வேலை வரை

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்துக்காரர்கள் நாலு பேர் சென்னையிலோ திருப்பூரிலோ துபாயிலோ ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ‘நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும்யா’ என்பதில் வந்து நிற்கும். அந்த ராத்திரியே ஒரு வாட்ஸ்அப் குழு உருவாகும், ஒரு மாதம் பரபரப்பாக இருக்கும், யாரோ ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுப்பார், அதோடு சரி. மனசு இல்லாமல் இல்லை. எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் மாதச் சந்தாவில் ஓர் ஊர்ச் சங்கம் நடத்திக்கொண்டிருக்கிறோம், அதனால் தெரிந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பதிவு விவரங்கள் தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும், வேலை விவரங்கள் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தை வைத்து எழுதியவை.

2018-இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்கள் என்று நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயிலும் (பாசன ஏரி) ஊருணியிலும் (ஊர்க் குடிநீர்க் குளம்) பிடித்து வைத்தால்தான் அடுத்த ஆடி வரை தாங்கும். இந்த மாதிரி மண்ணில் வேலை ஒரு தடவையோடு முடிவதில்லை, வருஷா வருஷம் கவனிப்பு வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், ஒருவர் ஒரே தடவையில் தரும் 1 லட்சத்தைவிட 60 பேர் மாதா மாதம் தரும் 200 ரூபாய் பெரிய பணம்.

படி 1: காசு வசூலிக்கும் முன் ஊரில் கேளுங்கள்

எல்லோரும் தவறவிடும் படி இதுதான். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு ‘ஊருக்கு நூலகம் கட்டுவோம்’ என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றுக்கு இரண்டு பேராவது லீவு போட்டுவிட்டுப் போய், பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் தண்ணீர் எடுக்க வரும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், சபையில் வராத பேச்சு அங்கே வரும்.

எங்கள் அனுபவம் ஒன்று. முதல் வேலையாக ஊருணிக்கரையைச் சுற்றி இருந்த சீமைக் கருவேலத்தை எல்லாம் அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். நல்ல காரியம்தானே, யார் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தோம். ஊரில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன, அந்த மரம்தான் அவர்களுக்குச் சோறு. கேட்காமலேயே ஜேசிபி கொண்டு வந்து நிறுத்தியதில் அவர்களுக்கு எவ்வளவு மனவருத்தம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதுமட்டுமில்லை, வேரோடு பிடுங்காமல் மேலாக வெட்டிய இடத்தில் எல்லாம் அடுத்த மழைக்கே குத்துக்குத்தாகத் தளிர்த்து விட்டது. இப்போது அந்தக் குடும்பங்களிடமே வெட்டும் வேலையைக் கொடுக்கிறோம். விறகு அவர்களுக்கு, வேரைத் தோண்டி எடுப்பதற்குக் கூலி சங்கத்திலிருந்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர்க்கூட்டம் என்றால் ஊரும் காலனியும் சேர்ந்த கூட்டம். ஒரு தெரு மட்டும் சேர்ந்து தொடங்கும் சங்கம் அந்தத் தெருவைத் தாண்டாது. முதல் ஏழு பேரிலேயே எல்லாத் தெருவும் இருக்கும்படி பாருங்கள், பெண்களும் இருக்க வேண்டும்.

படி 2: ஏழு பேர், ஒரு பைலா

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிய குறைந்தது 7 பேர் வேண்டும். உறுப்பினர்கள் 20 பேரைத் தொட்டாலோ வருஷ வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். மாதச் சந்தா என்று ஆரம்பித்தாலே அதைத் தாண்டிவிடுவீர்கள், ஆகவே ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ வேண்டாம்.

பைலாவை, அதாவது சங்க விதிமுறைகளை, வேறு சங்கத்திடம் வாங்கி அப்படியே ஜெராக்ஸ் போடாதீர்கள். நாளைக்குச் சண்டை வந்தால் எடுத்துப் பார்க்கப் போவது அதைத்தான். நாங்கள் உட்கார்ந்து வாதாடி எழுதிய சில வரிகள்: எவ்வளவு கொடுத்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. நிர்வாகக் குழுவில் இருப்பவரின் குடும்பத்துக்குச் சங்க வேலை காண்ட்ராக்ட் கிடையாது. 25,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவுக்கும் இரண்டு விலைப்புள்ளியாவது வாங்க வேண்டும். மூன்று மாதம் சந்தா கட்டாதவரை நீக்கும் முன் ஒருவர் போன் செய்து பேச வேண்டும். சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குப் போகும், உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது. கடைசி வரி வருமான வரிப் பதிவுக்கும் தேவைப்படும்.

படி 3: பதிவு

பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிவு, இணைய வழி விண்ணப்பமும் உண்டு. ஏற்கெனவே பதிவான பெயர் போலவே இருந்தால் தர மாட்டார்கள், மூன்று பெயர்களை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, சங்க அலுவலக முகவரிக்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்ட பைலா, இவை கையில் இருந்தால் அலைச்சல் குறையும். நிர்வாகக் குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும், பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவாகிவிட்டால் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்து அபராதத்தோடு ஓடும் சங்கங்கள் நிறைய. பொருளாளரின் போனில் ஒரு நினைவூட்டல் போட்டால் போதும்.

படி 4: பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் போகக் கூடாது

சங்கத்தின் பெயரில் பான் கார்டு, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. கணக்கு திறக்க வங்கியில் நிர்வாகக் குழுத் தீர்மானம் கேட்பார்கள், மினிட் புத்தகத்தில் எழுதி நகல் கொண்டுபோங்கள். கணக்கு திறக்கும் வரை ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். ‘இப்போதைக்கு என் ஜிபே நம்பருக்கு அனுப்புங்க’ என்பதில்தான் நல்ல நண்பர்கள் பிரிகிறார்கள். பணம் வாங்கியவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவர் கணக்கில் எது வீட்டுக்காசு, எது ஊர்க்காசு என்று யாருக்கும் காட்ட முடியாது.

படி 5: சந்தா

எல்லோராலும் வலிக்காமல் தரக்கூடிய தொகையை வையுங்கள். 1000 ரூபாய் என்றால் 12 பேர் சேருவார்கள், அதில் 5 பேர் தீபாவளிக்குள் நின்றுவிடுவார்கள். 200 என்றால் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பியும் சேருவான், அவன் சேருவது முக்கியம். 60 பேர், 200 ரூபாய், மாதம் 12,000. வருஷத்துக்கு 1,44,000. இதில் ஆறில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். யுபிஐ ஆட்டோபே போட்டுக் கொடுங்கள், மாதா மாதம் கேட்பதே கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் சங்கடம். சந்தாவுக்கு ஒரு ரசீது, நன்கொடைக்கு வேறு ரசீது.

மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் கணக்கு போய்விட வேண்டும். நாங்கள் போடுவது இவ்வளவுதான்: போன மாத இருப்பு, வந்த சந்தா, கட்டாதவர்கள் எண்ணிக்கை (பெயர் கிடையாது), செலவு வரி வரியாக, பில் போட்டோ, பாஸ்புக் பக்கம். அதையே ஒரு தாளில் அச்செடுத்து ஊர் நாடகமேடைச் சுவரில் ஒட்டுகிறோம், வாட்ஸ்அப் இல்லாத ஆட்களும் ஊரில் இருக்கிறார்கள் இல்லையா. முதன்முதலில் ஒட்டிய அன்று ஒரு அப்பத்தா பேரனை விட்டு முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ‘டீச்செலவு 340 என்னத்துக்கு?’ என்றார். வேலையாட்களுக்கு என்று பதில் சொன்னோம். மறுநாள் அவரே தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

படி 6: முதல் வேலை

சின்னதாக, மூன்று மாதத்தில் முடிவதாக, எல்லோர் கண்ணிலும் படுவதாக இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் அது ஊருணிதான். ஆனால் ஊருணி ஊராட்சிக்குச் சொந்தம். கண்மாய் என்றால் பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்குள் இருந்தால் ஊராட்சி ஒன்றியம், மேலே போனால் நீர்வளத்துறை. யாருடையது என்று தெரிந்துகொண்டு எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்ணில் கை வைக்காதீர்கள். மண்ணை வெளியே கொண்டுபோவதற்குத் தனி அனுமதி, வட்டாட்சியரிடம்.

வேலையைச் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணிக்குள் முடியுங்கள். முதலில் வரத்துக்காலை, அதாவது மழைத்தண்ணீர் உள்ளே வரும் வாய்க்காலை, பாருங்கள். ஊருணிக்குள் நாலு அடி ஆழப்படுத்திவிட்டு வரத்துக்கால் மேடாகவே கிடந்தால் ஒரு சொட்டு உள்ளே வராது. அடுத்து, ஆழம். ஊருணியின் அடியில் இருக்கும் களிமண் படுகைதான் தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கிறது. ஜேசிபிக்காரர் மணிக்கணக்கில் வாடகை வாங்குபவர், நிறுத்தச் சொல்லாதவரை தோண்டுவார். படுகையைக் கிழித்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், கடலோரப் பக்கமாக இருந்தால் உப்புத் தண்ணீர் மேலே வந்துவிடும். ஊரில் பழைய ஆள் ஒருவரை நாள் முழுக்கப் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். வண்டல் முடிந்து, கையில் உருட்டினால் விரிசல் விடாமல் திரளும் மண் வந்ததும் ‘போதும்’ என்று சொல்லிவிடுவார்.

பணம் பத்தாவிட்டால் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். 1997-98-இல் தொடங்கி, நடுவில் நின்று, 2021-இல் மறுபடி வந்த திட்டம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். அதாவது உங்கள் 1 லட்சம் 3 லட்சம் ரூபாய் வேலையாகிறது. எந்த வேலைக்கு எவ்வளவு பங்கு என்பது மாறும், ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வரியும் வெளிநாட்டுப் பணமும்

சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு பெற உதவும் 12ஏபி பதிவுக்கு விண்ணப்பித்தால் முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள், கூடவே நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கும் 80ஜி-க்கும் விண்ணப்பிக்கலாம். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். 80ஜி இல்லாவிட்டால் யாரும் தர மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரருக்கு அந்தக் கழிவே கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. மாதம் 200 ரூபாய் தருபவர் வரிக்காகத் தரவில்லை.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் மிகவும் கவனம். துபாயில் வேலை செய்யும் இந்திய பாஸ்போர்ட்காரர் வங்கி மூலம் தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. பிறந்து வளர்ந்தது நம் ஊரே என்றாலும், சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா 200 ரூபாய் தந்தாலும் அது வெளிநாட்டு நிதி. அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். சாதாரணமாக 3 ஆண்டு இயங்கி, அந்த 3 ஆண்டில் 15 லட்சமாவது சங்க வேலைக்குச் செலவு செய்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். அதுவரை அவரிடம் பணம் வாங்காதீர்கள், பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார். ஊரிலேயே இருக்கும் அவர் அண்ணன் தன் சொந்தக் காசில் சந்தா கட்டி உறுப்பினராகலாம். அண்ணன் பெயரில் மாமாவின் பணத்தைத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பொதுக்குழுவைச் சென்னையில் ஏசி ஹாலில் வைக்காதீர்கள். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள். நாங்கள் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு முதலில் ஊருணிக்குப் போகிறோம், செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு. தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டு, கரையில் தலைகாட்டும் கருவேலங்கன்றுகளைக் கையோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் நாடகமேடைக்கு வந்து கணக்கு வாசிக்கிறோம்.