ஆர்டர் எங்கே நிற்கிறது? கூகுள் ஷீட்டில் வேலைக்கும் நேரத்துக்கும் கணக்கு வைக்கும் முறை

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் வெள்ளியைக் கணக்கில் விடுவதே இல்லை. கொடுக்கும்போது ஒரு எடை, திரும்ப வாங்கும்போது ஒரு எடை, சேதாரம் தனி. எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அதே ஆர்டர் எந்தக் கையில் எத்தனை நாள் இருந்தது என்று கேளுங்கள், பதில் இருக்காது.

"எவ்வளவுண்ணா ஆச்சு?"

"முக்கால்வாசி முடிஞ்சுது தம்பி."

ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் அதே முக்கால்வாசிதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் வேண்டாம், கூகுள் ஷீட் போதும். உதாரணத்துக்கு 200 ஜோடி கொலுசு ஆர்டர் ஒன்றை வைத்துப் பார்ப்போம். உங்களுடையது தையல் கடையோ டிசைன் ஆபீஸோ என்றாலும் முறை ஒன்றுதான்.

1. ஆர்டரைப் பிரியுங்கள்

50 ஜோடி ஒரு கட்டு என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் கம்பி இழுப்பது, கண்ணி கோப்பது, பற்றவைப்பது, சலங்கை வைப்பது, மெருகு போடுவது எனத் தனித்தனி வரி போடுங்கள். ஒரு வரி ஒன்றிரண்டு நாள் வேலையாக இருந்தால் நல்லது. எதை 'முடிந்தது' என்று சொல்வோம் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பற்றவைத்தாலே முடிந்ததா, எடை போட்டு அடுத்த ஆளிடம் கொடுத்தால்தான் முடிந்ததா? சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

2. தலைப்புகள்

வேலை, யார், நினைத்த மணிநேரம், கைக்கு வந்த நாள், தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆன மணிநேரம், நிலை. இவ்வளவுதான். நிலைக்கு மட்டும் இன்செர்ட் மெனுவில் டிராப்டவுன் வைத்து, 'காத்திருக்கிறது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்ற மூன்றைக் கொடுங்கள். ஆளுக்கொரு மாதிரி எழுதினால் பின்னால் எண்ணவே முடியாது. கம்ப்யூட்டரில் கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையைத் தட்டினால் இன்றைய தேதி தானாக விழும்.

ஆன மணிநேரத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். வீட்டில் வைத்து வேலை செய்பவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் போதும். சனிக்கிழமை கூலி வாங்க வரும்போது ஞாபகத்திலிருந்து கேட்டால் எல்லா வேலையும் 'அரை நாள்' ஆகிவிடும்.

3. வேலை நேரம் வேறு, காத்திருந்த நேரம் வேறு

ஆரம்பத்தில் இந்த ஒரு கணக்கை மட்டும் ஒழுங்காகப் போட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

முதல் கட்டு பற்றவைக்கத் திங்கட்கிழமை போகிறது. வியாழன் காலை தொடங்கி வெள்ளி மாலை முடிகிறது. நினைத்தது 8 மணிநேரம், ஆனது 9. ஒரு மணிநேரம்தானே கூட, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கட்டு அங்கே இருந்தது 5 நாள். நாளுக்கு 8 மணி வைத்தால் 40 மணிநேரம். அதில் கை பட்டது 9 மணிநேரம், அதாவது 22.5 சதவீதம். மீதி நேரமெல்லாம் கட்டு சும்மா கிடந்திருக்கிறது. பற்றவைக்கிற அண்ணனை வேகப்படுத்தி அந்த ஒரு மணிநேரத்தை மிச்சம் பிடித்தாலும் டெலிவரி தேதி நகராது.

நாட்களை எண்ண ஷீட்டிலேயே நெட்வொர்க்டேஸ் (NETWORKDAYS) சூத்திரம் உண்டு. ஆனால் அது சனி, ஞாயிறு இரண்டையும் லீவாகக் கழிக்கும். சேலம் பட்டறைகளுக்கு இது ஒத்துவராது. அதனால் பெயருக்குப் பின்னால் 'இன்டல்' ஒட்டுள்ள இன்னொன்றை (NETWORKDAYS.INTL) எடுத்து, வந்த நாள், முடிந்த நாள், அப்புறம் 11 என்று கொடுங்கள். ஞாயிறு மட்டும் கழியும். நான்காவது இடத்தில் உங்கள் லீவு நாட்களின் பட்டியலைக் கொடுக்கலாம். ஆடியில் மாரியம்மன் பண்டிகை நாட்களை அதில் சேர்க்காவிட்டால் அந்த மாதக் கணக்கு முழுக்கக் கோணலாகிவிடும்.

சரி, ஏன் காத்திருந்தது? பற்றவைக்கும் இடத்தில் எத்தனை கட்டு குவிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். 18 கட்டு இருந்து வாரத்துக்கு 6 வெளியே போனால், புதிதாகப் போகும் கட்டு சராசரியாக 3 வாரம் இருக்கும். வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக இருக்கும்வரை இந்தக் கணக்கு நிற்கும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் நிரூபித்தது, லிட்டில் விதி என்றே பெயர். பற்றவைக்க இன்னொரு ஆள் போடலாம். இல்லை, குவியல் குறையும்வரை புதுக் கட்டு அனுப்பாமல் இருக்கலாம். இரண்டாவதற்குச் செலவே இல்லை. ஆனாலும் யாருக்கும் மனசு வராது!

4. எவ்வளவு முடிந்தது?

முக்கால்வாசி, தொண்ணூறு சதவீதம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். முடிந்த வரிக்கு முழு மதிப்பு, நடக்கிற வரிக்குப் பூஜ்யம். மொத்த ஆர்டருக்கு 100 மணிநேரம் நினைத்திருந்தீர்கள், இன்றைக்குள் 60 மணிநேர வேலை முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முடிந்த வரிகளின் 'நினைத்த மணிநேரம்' கூட்டினால் 45 வருகிறது. 45ஐ 60ஆல் வகுத்தால் 0.75. ஒன்றுக்குக் கீழே என்றால் பின்தங்கியிருக்கிறோம். அதே 45ஐ ஆன மணிநேரம் 54ஆல் வகுத்தால் 0.83. நம் மதிப்பீடே குறைவாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

5. வாரம் ஒரு முறை

பிவட் டேபிள் (வரிகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, வேலை வாரியாக ஆன மணிநேரத்தைப் பாருங்கள். சராசரியைவிட மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், நல்லது. மின்வெட்டில் இழுத்த ஒரே ஒரு கட்டு சராசரியைத் தூக்கிவிடும். அடுத்த ஆர்டரின் 'நினைத்த மணிநேரம்' அந்த மீடியன்தான்.

'யார்' வாரியாகப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம் என்பேன். ஷீட்டைக் காட்டிக் கூலி பேச ஆரம்பித்தால், அடுத்த வாரத்திலிருந்து நினைத்ததும் ஆனதும் ஒரே எண்ணாகத்தான் வரும்.

ட்ரெல்லோ, கிளாக்கிஃபை மாதிரி செயலிகளுக்கு அப்புறம் மாறிக்கொள்ளலாம். முதலில் ஒரு தீபாவளி சீசனை இந்த ஷீட்டிலேயே ஓட்டுங்கள். எட்டுத் தலைப்பில் எதை யாரும் நிரப்புவதில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.