வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பால் குறையாமல் இருக்க

16 வார மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குப் போனதும் பால் குறைகிறதே என்று தவிக்கும் அம்மாக்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். பெரும்பாலும் உடம்பில் கோளாறு எதுவும் இருக்காது. பால் எடுக்கும் தடவைகள் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானாகவே மட்டுப்படும். எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

படி 1: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

குழந்தை வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் நேரத்துக்கெல்லாம் நீங்கள் அலுவலகத்தில் பம்ப் செய்ய வேண்டும். ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 7 மணிக்கு மடியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் 10, 1, 4 மணிக்குப் பம்ப், வீடு திரும்பியதும் மறுபடி நேரடியாக. மீட்டிங் இழுத்துவிட்டதா? 10 நிமிடமாவது எடுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் இரவுப் பாலை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம்.

படி 2: பம்பைச் சரிபாருங்கள்

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மார்பில் பொருத்தும் புனலுக்குள் காம்பு உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். உரசி வலித்தால் புனல் சிறிது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டால் பெரிது. பெட்டியோடு வந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது.

அடுத்து, வாத்தின் அலகு போல இருக்கும் சின்ன சிலிக்கான் வால்வு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழுத்தாதபோதும் அதன் வாய் திறந்தே இருந்தால் உறிஞ்சும் வேகம் போய்விட்டது, புதிது மாற்றுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்காமல் விரலால் கழுவினால் நாள்பட வரும்.

படி 3: பம்ப் செய்யும்போது

கையைக் கழுவி, மார்பை மெதுவாக நீவிவிடுங்கள். முதலில் வேகமாக, லேசான அழுத்தத்தில். பால் இறங்கியதும் நிதானமான, சற்றுக் கூடுதலான அழுத்தம். வலிக்கும் அளவுக்கு ஏற்றினால் பால் கூடாது, காம்புதான் புண்ணாகும். கட்டியாகத் தெரியும் இடத்தைக் கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருங்கள். 15, 20 நிமிடம் போதும். சொட்டு நின்ற பிறகும் 2 நிமிடம் விடுங்கள். பால் இறங்கவே மாட்டேன் என்கிறதா? குழந்தையின் வீடியோவைப் பாருங்கள், நிஜமாகவே உதவும்.

படி 4: பத்திரப்படுத்துவது

நம் ஊர் வெக்கையில் பாலை வெளியே வைக்க வேண்டாம், உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எம்ஆர்டி பயணத்துக்கு ஐஸ் பேக் போட்ட குளிர்ப்பை. குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணப் பகுதியில் 4 நாள், உறைநிலைப் பகுதியில் 6 மாதம் வரை நல்லது. உருக்கிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

படி 5: குறைந்தது போலத் தெரிந்தால்

தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்: 20 நிமிடம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப். சில நாள் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

ஆனால் புட்டியில் விழும் அளவை வைத்து முடிவுகட்டாதீர்கள். குழந்தை இழுக்கும் அளவுக்குப் பம்ப் இழுக்காது. சில வாரங்களில் மார்பு தளர்ந்து மென்மையாவதும் இயல்புதான். குழந்தை நாளுக்கு 6 தடவைக்கு மேல் டயப்பரை நனைத்து, பலதுறை மருந்தகத்தில் எடை ஒழுங்காக ஏறினால் பால் போதுகிறது. "பிள்ளைக்குப் பால் பத்தலையோ?" என்று அத்தை கேட்டால் அந்த எடைக் கணக்கைக் காட்டுங்கள்.

பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, தேக்காவில் வாங்கிய முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். உடம்பு தேற வேண்டுமே. பம்ப் செய்யாத குறையை மட்டும் அவை ஈடுகட்டாது. சளிக்கு மாத்திரை வாங்கும்போது பால் கொடுப்பதைச் சொல்லிவிடுங்கள். சூடோஎபெட்ரின் உள்ள மருந்து சுரப்பைக் குறைக்கும்.

மார்பு சிவந்து, வலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதில் வேறு சந்தேகம் என்றால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போகும்போது உங்கள் பம்பையும் எடுத்துச் செல்லுங்கள், புனல் அளவையும் கேட்டுக்கொள்ளலாம்.