மிக்கி மவுஸின் நீராவிப் படகு: லெகோவில் கட்டும்போதும் அடுக்கி வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற குறும்படத்தில், சீழ்க்கையடித்தபடி படகுச் சக்கரத்தைத் திருப்பும் மிக்கி மவுஸை அறியாதவர்கள் குறைவு. துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பொம்மைகளைத் தயாரிக்கும் லெகோ நிறுவனம் அந்தப் படகை 2019-இல் 751 துண்டுகள் கொண்ட செட்டாக வெளியிட்டது. அதன் எண் 21317. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் படகும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களிலேயே வந்தது. மிக்கிக்கும் அவர் தோழி மின்னிக்கும் வெள்ளி நிறம் பூசியிருந்தார்கள். நான் இதை இருமுறை கட்டியிருக்கிறேன். முதல்முறை கட்டியதை ஏன் கலைக்க நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

முதல் தவறு வெளிச்சத்தில் தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மஞ்சள் விளக்கின் கீழ் உட்கார்ந்து கட்டினால் இளஞ்சாம்பலும் வெள்ளையும் ஒன்றுபோலவும், அடர்சாம்பலும் கறுப்பும் ஒன்றுபோலவும் தெரியும். வண்ணமயமான செட்டில் தவறான துண்டு உடனே கண்ணில் உறுத்தும், இங்கே உறுத்தாது. கறுப்புப் பிளேட் (மெல்லிய தட்டைத் துண்டு) வர வேண்டிய இடத்தில் அதே அளவுள்ள அடர்சாம்பல் பிளேட்டைப் பொருத்திவிட்டு, ஏறக்குறைய நாற்பது படிகள் தாண்டிய பின்னர், “சாம்பல் பிளேட் ஒன்று குறைகிறதே” என்று மேசைக்கு அடியில் அரைமணி நேரம் தவழ்ந்து தேடியிருக்கிறேன். குறைந்ததாகத் தோன்றும் துண்டு பெரும்பாலும் தொலைந்திருப்பதில்லை. முன்னொரு படியில் வேறொன்றின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் பையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பையை உதறிப் பார்க்காமல் குப்பையில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உண்மையிலேயே துண்டு இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் செட் எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன், கட்டியவரை உள்ளதைக் கையேட்டின் படத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது. எண்ணிட்ட பைகள் எல்லாவற்றையும் ஆர்வத்தில் ஒரே தட்டில் கொட்டுபவர்களுக்கு இந்த ஒப்பீடும் உதவாது.

இரண்டாவது தவறுதான் என்னைப் படகைக் கலைக்க வைத்தது. இந்தப் படகைத் தரையில் தள்ளினால் பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரங்கள் சுழலும். இரண்டு புகைபோக்கிகளும் மாறிமாறி மேலும் கீழும் அசையும். அடியில் உள்ள சிறு சக்கரங்களின் சுழற்சியை உள்ளே மறைந்திருக்கும் அச்சுகள் மேலே கொண்டுசெல்கின்றன. இந்த அச்சுகளைப் பொருத்தும்போது, “இறுக்கமாக இருந்தால் உறுதியாக இருக்கும்” என்று நினைத்து, அச்சைப் பிடித்து நிறுத்தும் வளையத்தைச் சுவரோடு ஒட்ட அழுத்திவிடுகிறோம். அச்சு சுழல வேண்டுமானால் வளையத்துக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் உராய்வு கூடி, படகைத் தள்ளும்போது சக்கரம் உருளாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஷோகேஸின் கண்ணாடித் தட்டில் வைத்தால் இது இன்னும் மோசம். மேல்தளத்தை மூடிய பிறகு இதைக் கண்டுபிடித்தால், மேலே கட்டியதில் பாதியையாவது பிரித்தால்தான் உள்ளே கை போகும். ஆகவே பொறியமைப்பு முடிந்ததும், மேலே ஒரு பிளேட் கூட வைப்பதற்கு முன், சக்கரத்தை விரலால் பத்துமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். அச்சுகளின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதும் கூடாது. பக்கத்தின் ஓரத்தில் அச்சு அதன் உண்மையான அளவிலேயே வரையப்பட்டிருக்கும், துண்டை அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும்.

அழுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. லெகோ துண்டின் மேல் உள்ள இரண்டு குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர். ஒரு பிரிக்கின் (கட்டைத் துண்டின்) உயரம் 9.6 மில்லிமீட்டர், பிளேட் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் ஏதாவது ஒரு பிளேட் முழுமையாக உட்காராமல் முடி அளவு மேலே நின்றாலும், அதன்மேல் வரும் வரிசைகள் எல்லாம் சாய்ந்துகொண்டே போகும். ஐந்து வரிசைகளுக்கு ஒருமுறை மாதிரியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறதா என்று பாருங்கள். தவறாகப் பொருத்திய தட்டையான பிளேட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பது குழந்தைகளின் வழக்கம் மட்டுமன்று. பெரியவர்களும் யாரும் பார்க்காதபோது செய்வதுதான். பல்லின் தடம் மறையாது, கத்தியின் தடமும் அப்படித்தான். துண்டுகளைப் பிரிப்பதற்கென்றே உள்ள ஆரஞ்சு நிறக் கருவி செட்டில் இல்லாவிட்டாலும், தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்தது.

கதாபாத்திரத்தையே பெரிய உருவமாகக் கட்டும் செட்டுகளில் வேறு வகைச் சிக்கல் வருகிறது. 2020-இல் வந்த மிக்கி, மின்னி இணை 1,739 துண்டுகள் கொண்டது. ‘லிலோ & ஸ்டிட்ச்’ படத்தில் வரும் ஸ்டிட்ச், 2024-இல் வந்தது, 730 துண்டுகள். உருண்டையான வயிற்றையும் கன்னத்தையும் உருவாக்க, குமிழ்கள் மேல்நோக்கி மட்டுமின்றி நான்கு பக்கங்களிலும் நீட்டிக்கொண்டிருக்கும்படி உட்கூடு கட்டப்படுகிறது. அதை 90 பாகை திருப்பி வைத்துவிட்டால் மேலே பொருந்த வேண்டிய முகம் பொருந்தாது. உட்கூட்டில் சம்பந்தமில்லாத சிவப்பும் மஞ்சளும் வருவதைப் பார்த்து, “வெளியே தெரியாததற்கு எதற்கு இந்த நிறம்” என்று கையில் இருக்கும் வேறு துண்டுகளைப் போடுபவர்கள் உண்டு. எது முன்பக்கம், எது இடப்பக்கம் என்று காட்டும் அடையாளமே அந்த நிறம்தான்.

கார்ட்டூன் பாத்திரங்களுக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. ஆகவே பாரம் முழுவதும் ஓரிரு மூட்டுகளில் வந்து தங்குகிறது. 2015-இல் வந்த 677 துண்டு வால்-ஈ (அதே பெயருள்ள படத்தின் ரோபோ) செட்டின் முதல் பதிப்பில், தலையின் எடையைத் தாங்காமல் கழுத்து சரிந்துவிடுவதாக வாங்கியவர்கள் சொன்னதும், நிறுவனமே கழுத்தின் அமைப்பை மாற்றித் திருத்த வேண்டியதாயிற்று. வடிவமைப்பாளருக்கே வரும் சிக்கல் என்பதால், உருவத்தின் தலையை ஒருபக்கம் சாய்த்தோ கையை முழுவதும் நீட்டியோ மாதக்கணக்கில் விட்டுவைக்காமல், எடை நேர்க்கோட்டில் இறங்கும் நிலையில் நிறுத்துவதே பாதுகாப்பு. பெரிய உருவத்தை இடம் மாற்றும்போது காதையோ தலையையோ பிடித்துத் தூக்கக்கூடாது. அடிப்பகுதியில் இரண்டு கைகளையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

இனி வைக்கும் இடம். நாம் அதிகம் இழப்பது இங்கேதான், அதுவும் மெதுவாக. லெகோ துண்டுகள் 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் படப்பட அந்தப் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. வெள்ளையிலும் இளஞ்சாம்பலிலும் அது முதலில் தெரியும். அதாவது, நீராவிப் படகுக்கு ஜன்னலோரத்தைவிடக் கேடான இடம் வேறில்லை. மேற்கு ஜன்னலருகே இரண்டு கோடைகள் இருந்த என் படகைக் கலைத்தபோது, வெளியில் இருந்த வெள்ளைப் பிளேட்டுகள் பழைய பியானோக் கட்டையின் நிறத்திலும், அவற்றின் மேல் வேறொரு துண்டு மூடியிருந்த பகுதி மட்டும் பளிச்சென்ற வெள்ளைச் சதுரமாகவும் இருந்தன. தினமும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதுவரை வித்தியாசமே தெரியவில்லை. மஞ்சளானதை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அது கண்ணையும் தோலையும் காயப்படுத்தும் திரவம். வெளுத்த துண்டு மீண்டும் மஞ்சளாவதும் உண்டு. நேர்வெயில் படாத உட்சுவரைத் தேர்ந்தெடுப்பதே எளிது.

தூசியைவிடத் தூசியோடு சேரும் எண்ணெய்ப் பிசுக்கு பொல்லாதது. சமையலறையை ஒட்டிய கூடத்திலும், ஊதுபத்தி ஏற்றும் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வைத்த மாதிரியின் குமிழ்களுக்கு இடையே படியும் பிசுக்கு, துணியால் துடைத்தால் இன்னும் உள்ளேதான் போகும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரி இருந்தால் கவலை பாதியாகக் குறையும். இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை மென்மையான ஒப்பனைத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடலாம். கழுவியே ஆக வேண்டிய நிலை வந்தால், மாதிரியைப் பிரித்து, 40 பாகை செல்சியஸுக்கு மேற்படாத நீரில் சிறிது சோப்புக் கரைசலில் கையால் அலச வேண்டும். வாஷிங் மெஷினும் கொதிநீரும் வடிவத்தையே கெடுத்துவிடும். உலர்த்துவதற்கு மொட்டைமாடி வெயிலைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது. மின்விசிறியின் கீழ் ஒரு துவாலையில் பரப்பினால் போதும். ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போடாதீர்கள்.

கடைசியாக, உயரம். மிக்கியின் உருவம் சுமார் 4 செ.மீ. தான், படகில் அவர் ஒரு கூரையின் கீழ் நிற்கிறார். இடுப்பளவு உயரத்தில் வைத்தால் கூரைதான் தெரியும், பரண் உயரத்தில் வைத்தால் படகின் அடிப்பாகம்தான் தெரியும். படத்திலும் நாம் அவரைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம் என்பதால், கண்மட்டத்தில், படகின் பக்கம் நம்மை நோக்கியிருக்கும்படி வைக்க வேண்டும். படகின் நீளம் சுமார் 26 செ.மீ. ஆயினும் அதே அளவுள்ள பெட்டிக்குள் அடைத்துவிடாமல், தட்டில் இன்னொரு சாண் இடம் விட்டு, உருண்டு விழாதிருக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் பிரிக்கைத் தடுப்பாக வையுங்கள். விருந்தினர் வீட்டுக் குழந்தை வந்து நின்றால் அந்தப் பிரிக்கை எடுத்துவிட்டுப் படகைத் தள்ளிக் காட்டலாம். புகைபோக்கிகள் ஏறி இறங்கும்.