முழங்கால் தேய்மானமும் பயமும்: லயத்துப் படியில் மறுபடி இறங்கப் பழகுவது எப்படி?

மாதவிடாய் நின்ற வயதில் முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதும் ஒரு காரணம் என்கிறார்கள். வயது, உடல் எடை, வருடக்கணக்காகத் தேயிலைக் கொழுந்துப் பாரத்தோடு மலை ஏறி இறங்கியது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஆனால் நான் பார்த்த வரையில், அம்மாமாரை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்போடு, அதாவது வாசல் திண்ணையோடு, நிறுத்திவைப்பது வலியைவிட, 'விழுந்துட்டா என்ன செய்றது' என்ற பயம்தான். நடக்காமல் இருந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் முழங்கால் தளம்பும். தளம்பினால் பயம் இன்னும் கூடும். அதனால் காலையும் மனதையும் சேர்த்தே பழக்க வேண்டும்.

முதலில் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, தேய்மானம்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து 'எலும்பு உரசுது' என்று யாராவது சொன்னால் இடிந்துபோக வேண்டாம். படத்தில் மோசமாகத் தெரியும் முழங்கால் சிலருக்கு அவ்வளவாக வலிப்பதில்லை. படத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்குக் கிடையாது.

அடுத்து, அம்மா எதற்கெல்லாம் பயப்படுகிறார் என்று கேட்டு, மகளோ மருமகளோ ஒரு கொப்பியில் எழுதுங்கள். இராத்திரி கக்கூசுக்குப் போவது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்குவது, கோயில் மேடு, ஹட்டன் பஸ்ஸின் உயரமான படி என்று வரும். பயம் குறைவானதை மேலே, கூடியதைக் கீழே போடுங்கள். மேலே இருப்பதில்தான் தொடங்க வேண்டும். 'அதெல்லாம் ஒன்னும் ஆகாதும்மா' என்று நேரே பஸ்ஸில் ஏற்றப் பார்த்தால் வேலை கெட்டுவிடும்.

மூன்றாவது, நாற்காலிப் பயிற்சி. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தாழ்வாக இருந்தால் கம்பளியை மடித்து வைத்து உயர்த்தலாம். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழும்ப வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு நல்ல வேலை அந்த இறக்கத்தில்தான். ஆரம்பத்தில் ஐந்து தடவை போதும், கையை ஊன்றினாலும் பரவாயில்லை. அப்புறம் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை.

கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது எடுக்கும்.

நாலாவது, படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வைத்திருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் வலிக்கிற பக்கத்திலேயே ஊன்றுகிறார்கள். படி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இறக்கத்தில் பயம் வருவது அம்மாவின் கற்பனை இல்லை. மழை பெய்து பாசி பிடித்த படிகளில் பழக வேண்டாம். அடி தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள்.

படிக்கட்டின் தலைமாட்டில் நெஞ்சு படபடத்தால் அங்கேயே நில்லுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு ஒரே ஒரு படி இறங்கி, திரும்பி ஏறிவிடுங்கள். அன்றைக்கு அது போதும்.

எடை கூடியவர்கள் கொஞ்சம் குறைத்தாலும் முழங்காலுக்கு லேசாக இருக்கும். தேத்தண்ணிச் சீனியிலிருந்து தொடங்கலாம்.

முழங்கால் சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்தி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சுவலியோடு படபடப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது. இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். சும்மா இருக்கும்போதே படபடப்பு வந்தால் இரத்தச்சோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கமே வராமல் மனது அலைந்துகொண்டிருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.