நாயை வீட்டிலேயே குளிப்பாட்டிச் சீவிப் பராமரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே நாயைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிப் பராமரிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அலட்சியத்தால் நேர்பவை அல்ல. நமக்கு எது சுகமோ அதுவே நாய்க்கும் சுகம் என்று எண்ணும் அக்கறைதான் அவற்றுக்குக் காரணம். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அதன் கார அமிலத் தன்மையும் வேறு. உடல்சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழியும் வேறு.

இவற்றுள் மிகுந்த தீங்கு செய்வது, சித்திரை வெயில் தொடங்கியதும் நாய்க்கு மொட்டையடித்துவிடுவது. ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி போன்ற இனங்களுக்கு முடி இரண்டு அடுக்காக வளரும்: தோலை ஒட்டி மெத்தென்ற அடிமுடியும், அதற்கு மேல் நீளமும் விறைப்பும் கொண்ட மேல்முடியும் இருக்கும். நமக்கு உடல் முழுவதும் வியர்த்துச் சூடு இறங்குவதைப் போல நாய்க்கு இறங்குவதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமாகவே அது பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வைக்கு உள்ளங்கால்களில் மட்டுமே சிறிதளவு இடமுண்டு. எனவே முடியை மழிப்பதால் அதற்கு நாம் நினைக்கும் குளிர்ச்சி கிடைப்பதில்லை. மாறாக, வெயிலைத் தடுத்துக்கொண்டிருந்த மேல்முடி போய்விடுவதால் தோல் நேரடியாக வெந்து சிவக்கிறது. மழித்த இடத்தில் பல மாதங்கள் முடி முளைக்காமல் போவதும், முளைத்தாலும் திட்டுத்திட்டாக நிறமும் தன்மையும் மாறி வருவதும் இவ்வினங்களில் அடிக்கடி காணப்படுபவை. கோடையில் செய்ய வேண்டியது, உதிர்ந்தும் வெளியேறாமல் சிக்கியிருக்கும் அடிமுடியை நன்றாகச் சீவி எடுப்பதுதான். காற்றை அடைத்துப் புழுக்கத்தை உண்டாக்குவது அந்தச் செத்த முடியே. ஷீ ட்சூ, பூடில் ஆகியவற்றுக்கு முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அவற்றுக்கும் தோல் தெரியும் அளவுக்கு வெட்டக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு வேட்டை நாய்களுக்குக் கத்தரிக்கோலே தேவையில்லை. வாரத்தில் ஓரிரு முறை ரப்பர் பிரஷால் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்த தவறு வரிசையில் நேர்வது: குளிப்பாட்டிவிட்டுச் சீவுவது. சடை பிடித்த முடியில் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது இன்னும் இறுகிக்கொள்ளும். அதன் உள்ளே ஷாம்புவும் ஈரமும் தங்கி, தோல் புழுங்கிப் புண்ணாகும். ஆகவே குளிப்பதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். மேலோட்டமாக பிரஷை இழுத்துவிட்டு முடி பளபளக்கிறதே என்று திருப்தி அடைவோர், காதுக்குப் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், பின்தொடையின் உட்புறம் ஆகிய நான்கு இடங்களிலும் விரலை விட்டுப் பார்த்தால் திடுக்கிடுவார்கள். முடியைக் கையால் பிரித்துத் தோல் தெரியும்படி வைத்துக்கொண்டு, அடியிலிருந்து நுனி வரை சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். இறுதியில் ஓர் எஃகுச் சீப்பு எங்கும் தடைபடாமல் சென்றால்தான் வேலை முடிந்தது என்று பொருள். கையால் பிரிக்க முடியாத சடையைக் கத்தரிக்கோலால் வெட்டத் துணிவது ஆபத்தானது. சடை தோலையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கும்; முடி என்று நினைத்து வெட்டுவது தோலாக இருக்கக்கூடும். அத்தகைய சடையை ட்ரிம்மரால் எடுப்பதே நல்லது.

குளியலில் கவனிக்க வேண்டியவை பல. வெயிலில் கிடந்த தோட்டத்துக் குழாயைத் திறந்தவுடன் நாயின் மீது பீய்ச்சினால், குழாய்க்குள் நின்றிருந்த கொதிநீர் முதலில் அதன் முதுகில் விழும். கோடை நண்பகலில் மாடித் தொட்டி நீரும் அப்படித்தான். சிறிது நேரம் தண்ணீரை வீணாக ஓடவிட்டு, முழங்கையில் பட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். நம் ஷாம்புவும், குழந்தை சோப்பும், குளியல் நீரில் சில துளி விடப்படும் கிருமிநாசினியும் நாயின் தோலில் உள்ள இயற்கையான எண்ணெய்ப் பசையை அழித்து அரிப்பை உண்டாக்குகின்றன. அரிப்பைக் கண்டு அழுக்கு என்று கருதி மீண்டும் குளிப்பாட்டுவதால் அது மேலும் கூடுகிறது. ஆரோக்கியமான நாய்க்கு மாதம் ஒரு முறை குளியல் பெரும்பாலும் போதுமானது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்புவாக இருந்தால், தடவியதும் கழுவிவிடாமல் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வழுக்கும் குளியலறைத் தரையில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால், நாயின் பாதிப் பயம் அப்போதே தீர்ந்துவிடும். சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் தானாகக் காய்ந்துவிடும் என்று விட்டுவிடுவதும் சரியன்று. அடிமுடி வரை துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். டிரையரைப் பயன்படுத்தினால் சூடற்ற காற்றையே வைக்க வேண்டும்.

உண்ணி விஷயத்தில் கைவைத்தியம் எல்லை மீறிப்போகிறது. மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம் கரைத்த எண்ணெய் ஆகியவற்றைப் பூசினால் உண்ணி சாகலாம். ஆனால் நாய் தன் உடலை நக்கும் விலங்கு என்பதால் பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் அமிட்ராஸ் மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து ஊற்றுவது அதைவிட மோசம். அளவு மிஞ்சினால் நாய் மயங்கிச் சரிந்து, இதயத் துடிப்பும் குறைந்துவிடும். ஒட்டியிருக்கும் உண்ணியை நெருப்பால் சுடாமலும் விரலால் நசுக்காமலும், கூரிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுத்தெடுக்க வேண்டும். நாயை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அது படுக்கும் இடத்தை மறந்துவிடுவதால்தான் இரண்டு வாரங்களில் உண்ணி மீண்டும் வந்துவிடுகிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இரத்த அணுக்களைத் தாக்கும் எர்லிகியா, பேபீசியா நோய்கள் இவ்வுண்ணிகளால் பரவுபவை. நாய்க்குக் காய்ச்சல் கண்டு, தீனி வேண்டாமல், ஈறுகள் வெளுத்திருந்தால் குளிப்பாட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலில் சொட்டுச் சொட்டாக விடும் உண்ணி மருந்தைப் போட்டால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாட்களுக்கு ஷாம்புக் குளியல் கூடாது.

நாயின் காதுக் குழல் நேராக இல்லாமல் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உட்புறம் திரும்பும். அதனால் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டால் அழுக்கு வெளியே வராமல் அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துக்கொள்ளும். காதுக்கென விற்கும் திரவத்தை விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்து, நாய் தலையை உதறிய பின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். லேப்ரடார் போன்ற தொங்கு காது நாய்களுக்குக் குளியலின்போது தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். துர்நாற்றமோ, காப்பிப்பொடி நிறத்தில் கசடோ இருந்தால் அது சுத்தம் செய்யும் வேலையன்று, சிகிச்சைக்குரியது.

நகம் வெட்டுவதில் எல்லோருக்கும் உள்ள பயம் நியாயமானதே, ஏனெனில் நகத்தின் உள்ளே இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கருநகத்தில் தெரியாது என்பதால், நுனியிலிருந்து சீவல் சீவலாக மட்டுமே வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும்: அது முதலில் சுண்ணாம்பு போல வறண்டு வெளுத்திருக்கும், நடுவில் ஈரப்பசையுடன் ஒரு கரும்புள்ளி தென்படத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவை நகத்தில் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பதற்றத்தில் கத்துவதும், நாயைப் பலர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதும்தான் அடுத்த முறை அது கிளிப்பரைக் கண்டதுமே ஓடக் காரணமாகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு நகம் என்று வெட்டினாலும் தவறில்லை. முன்னங்காலின் உட்புறத்தில் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேய்வதே இல்லை. அதை மறந்துவிட்டால் வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்தும்.

பல் தேய்க்க நம் பற்பசை உதவாது; நாய்க்குத் துப்பத் தெரியாது என்பதோடு, சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி அதற்கு நஞ்சு. நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், ஆசனவாய்ச் சுரப்பிகள் நிரம்பியிருக்கலாம். காணொளியைப் பார்த்து அவற்றை வீட்டில் பிதுக்க முயல வேண்டாம்; வீங்கியிருக்கும் சுரப்பி உள்ளேயே உடைந்தால் சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும்.