கை வலிக்குப் பயிற்சி செய்கிறீர்களா? வலியைக் கூட்டும் சில தவறுகள்

துணி வெட்டுபவர், கீபோர்டில் தட்டுபவர், முடி திருத்துபவர், ஸ்பேனர் பிடிப்பவர் என யாராக இருந்தாலும், கை வலிக்க ஆரம்பித்ததும் பலரும் தேடிப் போவது ஒரு ஸ்பாஞ்சுப் பந்து. அதை நேரம் கிடைக்கும்போதெல்லாம் பிசைந்துகொண்டே இருப்பார்கள். நாள் முழுக்கக் கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்த கைக்கு, ஓய்விலும் இறுக்கிப் பிடிக்கிற வேலையா?

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை) ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகின்றன. இறுக்கிப் பிடிக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் ஏறும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். பிசைவதால் இவர்களுக்கு மரத்துப்போவது இன்னும் கூடலாம். மாறாக, ஐந்து விரல்களின் நுனியையும் சுற்றி ஒரு லேசான ரப்பர் பேண்டை மாட்டி, விரல்களை மெல்ல விரித்து மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கையின் மேல்பக்கத் தசை வேலை செய்வது தெரியும். வேலையில் அதிகம் மடங்குகிற கைக்கு விரிக்கிற பயிற்சிதான் பொருத்தம்.

அடுத்தது, மருத்துவர் செய்துபார்க்கும் சோதனையையே பயிற்சி என்று நினைத்துச் செய்வது. இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை முழுக்க மடக்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு நிமிடம் வைத்தால் விரல் மரத்துப்போகிறதா என்று பார்ப்பது, நரம்பு நசுங்குகிறதா எனக் கண்டுபிடிக்கும் சோதனை. ஏற்கெனவே மரத்துப்போகிற கையை தினமும் அப்படி மடக்கி வைத்தால் என்ன ஆகும்? கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பதும் இதே ரகம். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி இருப்பவர் அதைச் செய்தால் சுளீர் என்று இழுக்கும். இழுக்கட்டும், சரியாகிவிடும் என்று தொடராதீர்கள்.

நீட்டிப் பிடிக்கும் பயிற்சியிலும் இதே முரட்டுத்தனம்தான். ஒரு கையால் மற்றக் கையின் விரல்களைப் பிடித்துப் பின்னால் வளைப்பார்கள், எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதுபோல. இதமான இழுப்பு போதும். 15 முதல் 30 விநாடி வைத்தால் சரி. அந்த நேரத்தில் விரல் மரத்தாலோ, ஊசி குத்தினாற்போல் இருந்தாலோ, இழுபடுவது நரம்பு; உடனே தளர்த்துங்கள். நரம்புக்கென்று சொல்லித்தரப்படும் பயிற்சிகளில் மெல்ல நீட்டி உடனே திரும்பி வருவதுதான் வழக்கம், இழுத்துப் பிடித்து வைப்பதல்ல.

தசைநாண் நகர்வுப் பயிற்சி நல்லதுதான், ஆனால் அவசரத்தில் கெட்டுப்போகிறது. மணிக்கட்டு நேராக இருக்கட்டும். விரல்களை நீட்டுங்கள். விரல் உள்ளங்கையோடு சேரும் அடிக் கணுவை மடக்காமல் மேலே உள்ள இரண்டு மூட்டுகளை மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள். மறுபடி நீட்டி, அப்புறம் முழு முஷ்டி. கொக்கிக்குப் போகும்போது அடிக் கணுவும் சேர்ந்து மடங்கிவிடுகிறதா என்று பாருங்கள், பலருக்கும் மடங்கும். மடங்கினால் கொக்கியும் முஷ்டியும் ஒன்றாகிவிடும். தசைநாண்கள் தனித்தனியாக நகர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வித்தியாசம்.

எல்லாவற்றையும் இரவில் மொத்தமாக அரை மணி நேரம் செய்வதைவிட, வேலைக்கு நடுவே அரை நிமிடம் கையை விடுவித்து அசைப்பது மேல். வீங்கிச் சூடாக இருக்கும் மணிக்கட்டுக்கு டம்பெல்லே வேண்டாம். நெட்டி முறிப்பதால் மூட்டுவாதம் வராது, அதே சமயம் அது பயிற்சியும் ஆகாது.

பொத்தான் போட முடியாமல் போவது, கையில் பிடித்த பொருள் தானாக நழுவுவது, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு தட்டையாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் என்றால் அது வேறு நரம்பு. அது பெரும்பாலும் முழங்கையில் அழுந்துகிறது. மணிக்கட்டை எவ்வளவு அசைத்தாலும் அதற்குப் பலன் குறைவு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கத்தை முதலில் விட்டுப் பாருங்கள்.